கியர் இல்லாத வண்டி: குணம் தெரிந்து ஓட்டுவோம்!



வங்கிக்கு, சந்தைக்கு, கூட்டமைப்புக் கூட்டத்துக்கு என்று நம்மில் பலர் இன்று ஸ்கூட்டியில் போகிறோம். 2018-ல் தமிழக அரசு, உழைக்கும் பெண்கள் இருசக்கர வாகனம் வாங்க 25,000 ரூபாய் வரை மானியம் கொடுத்தது. அந்தத் திட்டம் இப்போது இல்லை. ஆனாலும் கடன் வாங்கியாவது வண்டி எடுக்கிறோம்; நேரமும் அலைச்சலும் மிச்சமாகிறது. "கியரே இல்லை, முறுக்கினால் போகும்" என்கிறார்கள். சுலபம்தான். ஆனால் ஆபத்தும் அந்த முறுக்கில்தான் இருக்கு.

கியர் எங்கே போச்சு?

அந்த வேலையை வண்டியே செய்துகொள்கிறது. உள்ளே இரண்டு கப்பி, அவற்றை இணைக்க ஒரு பெல்ட். வேகம் கூடக்கூட பெல்ட் முன் கப்பியில் மேலேறும், பின் கப்பியில் கீழிறங்கும். இதுதான் கியர் மாறுவது. கிளட்சும் தானாகப் பிடிக்கும். குடை ராட்டினம் வேகமாகச் சுற்றினால் தொட்டில்கள் வெளியே விரியும் இல்லையா? அதுபோல கிளட்ச் கட்டைகள் விரிந்து, சுற்றியுள்ள டிரம்மைப் பிடித்துச் சக்கரத்தை ஓட்டும். ஆக, கியர், கிளட்ச் இரண்டும் நம் வலது கையில்தான்.

இதனால் வரும் குணங்கள்:

1. இன்ஜின் ஓடும்போது இறங்கித் தள்ளாதீங்க. ஹேண்டிலைப் பிடிக்கும் கையே ஆக்சிலேட்டரை முறுக்கிவிடும். வண்டி பாயும், பயத்தில் இன்னும் இறுக்கிப் பிடிப்போம், இன்னும் பாயும். சாவியை அணைத்த பிறகே இறங்கணும். முன்னால் பிள்ளை நின்றால் இன்னும் கவனம் வேண்டும்.

2. பிரேக்கைப் பிடித்தபடி, ஆக்சிலேட்டரை முறுக்காமல் ஸ்டார்ட் பண்ணுங்க.

3. முறுக்கியதும் வண்டி சற்றுத் தாமதித்தே கிளம்பும். "போகலையே" என்று மேலும் முறுக்கினால் துள்ளும். வடலூர் நான்கு முனைச் சந்திப்பில் லாரி, பஸ் நடுவே திரும்பும்போது இதை மறக்கக் கூடாது.

4. வேகம் நன்றாகக் குறைந்ததும் கிளட்ச் விட்டுவிடும், வண்டி சும்மா உருளும். இறக்கத்தில் இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடிங்க. ஏற்றத்தில் நிற்கணும் என்றால் பிரேக்கில் நில்லுங்க. முறுக்கியே நிறுத்தி வைத்தால் கிளட்ச் சூடாகித் தேயும்.

5. இடது கையில் இருப்பது பின் பிரேக். கியர் பைக்கில் அந்த இடத்தில் கிளட்ச் இருக்கும். வீட்டுக்காரர் பைக் பழக்கத்தில் "கிளட்சைப் பிடி" என்றால் குழம்பாதீங்க. சைக்கிள் ஓட்டத் தெரிந்தவர்களுக்கு இரண்டு கை பிரேக் புதிதல்ல.

6. பேட்டரி இறங்கினால் தள்ளி ஸ்டார்ட் பண்ண முடியாது. கிக்கர் இருந்தால் உதைத்துப் பாருங்க. பெல்ட் அறுந்தால் இன்ஜின் ஓடும், சக்கரம் சுற்றாது. சர்வீசுக்கு விடும்போதெல்லாம் பெல்ட்டைப் பார்க்கச் சொல்லுங்க.

புதிதாக ஓட்டுபவர்கள் காலி மைதானத்தில் முதலில் பழக வேண்டியது ஒன்றுதான்: பயம் வந்தால் வலது கையைத் தளர்த்தி, பிரேக்கைப் பிடிப்பது. இது கைக்கு வந்த பிறகு ரோட்டுக்கு வாங்க. கியர் இல்லாத வண்டிக்கும் லைசென்ஸ் வேணும், தலைக்கவசமும் வேணும். முந்தானையைச் செருகிக்கொண்டு கிளம்புங்க!