கேம் கம்பனியில் பயிற்சி தேடும் பிள்ளைகளுக்கு

விண்ணப்பங்களைத் தெரிவு செய்பவன் என்ற வகையில் சொல்கிறேன். ஐ.டி. பட்டம் முடித்த பிள்ளைகளின் சீவியில் சான்றிதழ்கள் வரிசையாக இருக்கும். விளையாடிப் பார்க்க ஒரு கேம் இருக்காது. நாங்கள் முதலில் தேடுவதே அதைத்தான்.

யூனிட்டிக்கு சீ ஷார்ப், அன்ரியலுக்கு சீ பிளஸ் பிளஸ் தெரிய வேண்டும். கொடோ முற்றிலும் இலவசம். ஒரு பந்து, ஒரு மட்டை, புள்ளிக்கணக்கு போதும். ஆனால் முடித்திருக்க வேண்டும். அதை இட்ச் தளத்திலும் கோடை கிட்ஹப்பிலும் ஏற்றுங்கள். வேகமாக வந்த பந்து ஏன் மட்டையை ஊடுருவிப் போனது, எப்படித் திருத்தினீர்கள் என்று நேர்முகத்தில் கேட்போம். யூடியூபைப் பார்த்து அப்படியே பிரதி செய்தவர் அங்கேதான் திணறுவார்.

நமது நாட்டில் கேம் கம்பனிகள் குறைவு. ஆகவே மொபைல் ஆப் செய்யும் இடங்களுக்கும் விண்ணப்பியுங்கள். கொடுப்பனவு எவ்வளவு என்பதைக் கையொப்பமிட முன்னரே கேளுங்கள். கொழும்பில் போர்டிங் காசுக்கும் வாப்பாவிடம் கை நீட்டும் நிலை வரக்கூடாது.