கணினிக்கும் பொருத்தம் பார்க்க வேண்டும்

குவீன்ஸ்டவுனில் பெருவிரைவு ரயில் ஏறினால், ரயில் மாறாமலே பூகிஸ் நிலையத்தில் இறங்கலாம். அங்கிருந்து சில நிமிட நடையில் சிம் லிம் ஸ்குவேர். கணினிப் பாகங்களைத் தனித்தனியே வாங்கிச் சொந்தமாக ஒரு கணினி பூட்ட நினைப்பவர்கள் பலர் இங்கு வருவதுண்டு.

நீங்களும் ஆங்பாவிலும் தீபாவளியிலும் கிடைத்த பணத்தைச் சேர்த்து வைத்துவிட்டு அங்கே போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நல்ல பிராசசர், நல்ல ரேம், நல்ல கிராஃபிக்ஸ் அட்டை என்று பார்த்துப் பார்த்து வாங்குகிறீர்கள். வீட்டுக்கு வந்து பூட்டினால் திரை கறுப்பாகவே இருக்கிறது. எந்தப் பாகத்திலும் பழுது இல்லை. ஒன்றுக்கொன்று சேரவில்லை, அவ்வளவுதான். பெட்டியைப் பிரித்துவிட்டதால் திருப்பிக் கொடுக்கவும் முடியாமல் போகலாம்.

கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. கணினிக்கு ஐந்து பொருத்தம் பார்த்தால் போதும். இதற்கு ஜாதகம் வேண்டாம். பாகத்தின் பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்களே போதும்.

முதல் பொருத்தம்: பிராசசரும் மதர்போர்டும்

கணினியின் மூளை பிராசசர். அது உட்காரும் இடத்துக்கு சாக்கெட் என்று பெயர். ஏஎம்டி நிறுவனம் 2016இல் கொண்டுவந்த ஏஎம்4 சாக்கெட்டில் 1,331 துளைகள் உண்டு. 2022இல் வந்த ஏஎம்5 சாக்கெட்டில் 1,718 தொடுமுனைகள். ஒன்றுக்கான பிராசசர் மற்றதில் உட்காரவே உட்காராது.

உட்கார்ந்துவிட்டால் மட்டும் போதுமா? அதுவும் போதாது. 2017இல் வந்த இன்டெலின் எட்டாம் தலைமுறை மேசைக்கணினிப் பிராசசர்கள், முந்தைய தலைமுறைகளைப் போலவே எல்ஜிஏ1151 என்ற சாக்கெட்டில்தான் உட்கார்ந்தன. ஆனால் பழைய மதர்போர்டுகளில் அவை வேலை செய்யவில்லை. 300 வரிசை மதர்போர்டு வேண்டியிருந்தது. பயோஸ் என்ற அடிப்படை மென்பொருளும் கவனிக்க வேண்டியது. கணினி விழித்ததும் முதலில் ஓடுவது அதுதான். பழைய பயோஸ் உள்ள மதர்போர்டுக்குப் புதிய பிராசசரை அடையாளம் தெரியாது. ஆகவே மதர்போர்டு நிறுவனத்தின் இணையத்தளத்தில், அது ஏற்கும் பிராசசர்களின் பட்டியலைப் பாருங்கள்.

இரண்டாம் பொருத்தம்: ரேம்

டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டு வகை ரேமிலும் 288 தொடுமுனைகள்தான். ஆனால் கீழ் விளிம்பில் உள்ள வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும். தவறான ரேமை யாரும் செருகிவிடக் கூடாது என்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். டிடிஆர்4 ரேம் 1.2 வோல்ட்டிலும் டிடிஆர்5 ரேம் 1.1 வோல்ட்டிலும் இயங்குகின்றன.

இதில் பணம் செலவழிக்காமலே வேகம் கூட்ட ஒரு வழி உண்டு. 16 ஜிபி ரேம் வேண்டுமானால், ஒரே 16 ஜிபி துண்டைவிட இரண்டு 8 ஜிபி துண்டுகள் வாங்குங்கள். 3200 என்று குறித்த டிடிஆர்4 ரேம், நொடிக்கு 320 கோடி முறை, முறைக்கு 8 பைட் வீதம் தரவை அனுப்பும். அதாவது நொடிக்கு 25.6 ஜிபி. இரண்டு துண்டுகளைச் சரியான இரண்டு துளைகளில் செருகினால் இரண்டு பாதைகள் திறக்கும், 51.2 ஜிபி ஆகிவிடும்.

மூன்றாம் பொருத்தம்: திரைக்குப் படம் தருவது யார்?

ரைசன் 5 5600, ரைசன் 5 5600ஜி. பார்த்தால் ஓரெழுத்துதான் வித்தியாசம். ‘ஜி’ உள்ளதில் படம் வரையும் பகுதி பிராசசருக்குள்ளேயே இருக்கிறது. மற்றதில் இல்லை, தனியாகக் கிராஃபிக்ஸ் அட்டை வாங்காவிட்டால் திரையில் ஒன்றும் தெரியாது. பள்ளி வேலைக்கும் நிரல் எழுதிப் பழகுவதற்கும் முதல் வகையே போதும். அட்டையைப் பிறகு பணம் சேர்ந்ததும் வாங்கலாம்.

அட்டை வாங்கும்போதும் அளவு வேண்டும். புரோட்டா கடையில் ஒருவர் மாவு வீசுகிறார், மற்றவர் கல்லில் சுடுகிறார். வீசுபவர் நிமிடத்துக்கு 3 வீச, சுடுபவரால் 6 சுட முடிந்தாலும், தட்டுக்கு வருவது 3 தான். கணினி விளையாட்டில் ஒவ்வொரு காட்சிக்கும் கணக்குப் போடுவது பிராசசர், வரைவது அட்டை. மெதுவான பிராசசருக்கு விலை உயர்ந்த அட்டை வாங்குவது சுடுபவருக்கு மட்டும் சம்பளம் கூட்டுவதைப் போன்றது.

நான்காம் பொருத்தம்: மின்சாரம்

இங்கே உங்கள் இயற்பியல் பாடம் கைகொடுக்கும். ரைசன் 5 5600 கடுமையாக உழைக்கும்போது அதிகம் போனால் 88 வாட் எடுக்கும் என்று வைத்துக்கொள்வோம். 2023இல் வந்த என்விடியா ஆர்டிஎக்ஸ் 4060 அட்டைக்கு 115 வாட். விசிறி, ரேம், மதர்போர்டு எல்லாம் சேர்த்து 60 வாட் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 263 வாட்.

திறன் = மின்னழுத்தம் × மின்னோட்டம். நம் வீட்டுச் சுவரில் வருவது 230 வோல்ட். அதிலிருந்து 263 வாட் எடுக்க 1.1 ஆம்பியர் போதும். கணினிக்குள் இந்த வேலையின் பெரும்பகுதி 12 வோல்ட்டில் நடக்கிறது. அங்கே அதே திறனுக்கு ஏறக்குறைய 22 ஆம்பியர் பாய வேண்டும்! பவர் சப்ளையின் தரம் இதனால்தான் முக்கியம்.

கணக்கு 263 என்றாலும், அந்த அட்டைக்கு 550 வாட் பவர் சப்ளையை என்விடியா பரிந்துரைக்கிறது. கண நேரத்தில் மின்தேவை எகிறும்போது தாங்க இந்த இடைவெளி தேவை. அதற்காக 850 வாட் வாங்கினால் கணினி வேகமாகிவிடாது; காசுதான் போகும். பழைய பிராசசர் வாங்கினாலும், பெயர் தெரியாத மலிவான பவர் சப்ளை வேண்டாம். அது பழுதானால் மற்ற பாகங்களையும் சேர்த்துக் கெடுத்துவிடலாம்.

ஐந்தாம் பொருத்தம்: பெட்டியின் அளவு

1995இல் இன்டெல் வகுத்த ஏடிஎக்ஸ் தரத்தின்படி மதர்போர்டு 305 × 244 மில்லிமீட்டர். மைக்ரோ ஏடிஎக்ஸ் 244 × 244, மினி ஐடிஎக்ஸ் 170 × 170. சிறிய கேசிங்கில் பெரிய போர்டு நுழையாது. கிராஃபிக்ஸ் அட்டையின் நீளத்தையும் பிராசசர் மேல் நிற்கும் விசிறியின் உயரத்தையும் பாருங்கள். அலுவலகங்கள் கழித்துப்போட்ட கணினியை மலிவாக வாங்கி மேம்படுத்த நினைத்தால் இன்னும் கவனம் தேவை. அவற்றில் பலவற்றின் போர்டும் பவர் சப்ளையும் இந்தப் பொதுத் தரத்தில் இருக்காது.

சிங்கப்பூர் கற்ற பாடம்

பொருத்தத்தின் அருமைக்கு நம் ஊரிலேயே சான்று உண்டு. 1981இல் ஐபிஎம் நிறுவனம் தன் கணினியின் தொழில்நுட்ப விவரங்களை வெளியிட்டது. அதில் செருகும் அட்டைகளை யாரும் செய்யலாம் என்றானது. அதே ஆண்டில் சிம் வோங் ஹூ சைனாடவுனின் பேர்ல்ஸ் சென்டரில் கிரியேட்டிவ் டெக்னாலஜி நிறுவனத்தைத் தொடங்கினார். 1986இல் அந்நிறுவனம் பேச்சும் இசையும் கொண்ட ‘கியூபிக் சிடி’ என்ற முழுக் கணினியையே செய்தது. அது விற்கவில்லை.

1989இல் அவர்கள் செய்தது ஓர் அட்டை மட்டும்: ‘சவுண்ட் பிளாஸ்டர்’. ஐபிஎம் வகைக் கணினிகளில் ஏற்கெனவே இருந்த துளையில் அது செருகியது. அப்போது புழக்கத்தில் இருந்த ‘ஆட்லிப்’ அட்டைக்கு எழுதிய விளையாட்டுகளும் அதில் ஒலித்தன. உலகமே வாங்கியது. 1992இல் நிறுவனம் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் இடம்பிடித்தது. தனியாக நின்ற முழுக் கணினியால் முடியாததை, மற்றவர்களின் கணினியோடு சேர்ந்த ஓர் அட்டை செய்து காட்டியது.

கடைக்குப் போகுமுன்

ஒரு தாளில் ஐந்து வரி எழுதுங்கள்: சாக்கெட்டின் பெயர், ரேம் வகை, திரைக்குப் படம் தரும் பாகம், மொத்த வாட், மில்லிமீட்டர் அளவுகள். எந்த வரியாவது காலியாக இருந்தால் அன்று பணப்பையைத் திறக்காதீர்கள். எல்லாம் நிரம்பியிருந்தால், கடைக்காரர் வேறொன்றைக் காட்டி “இதுதான் தம்பி நல்லது” என்று சொல்லும்போதும், “இது ஏஎம்4 போர்டில் ஓடுமா அங்கிள்?” என்று உங்களால் கேட்க முடியும்.