லினக்சில் கணினிசார் அச்சுப்பொறிகள்

கணினிசார் அச்சுப்பொறி என்பது, அச்சிட வேண்டிய பக்கத்தைத் தானே உருவாக்கிக்கொள்ளாமல், அந்த வேலை முழுவதையும் தன்னோடு இணைக்கப்பட்ட கணினியிடம் விட்டுவிடும் அச்சுப்பொறி ஆகும். இவ்வகையில் பல, விண்டோசு இயங்குதளத்தின் ஜிடிஐ என்னும் வரைகலைப் பகுதியை நம்பி வடிவமைக்கப்பட்டவை. ஆகவே இவற்றை ஜிடிஐ அச்சுப்பொறிகள் என்றும் அழைப்பர். எச்பி லேசர்ஜெட் 1020, கேனான் எல்பிபி 2900 ஆகிய இரண்டும் இவ்வகையைச் சேர்ந்தவை. தமிழ்நாட்டில் பள்ளி அலுவலகம், வழக்கறிஞர் அறை, செராக்ஸ் கடை என எங்கு சென்றாலும் இவ்விரண்டில் ஒன்றைக் காணலாம்.

கணினியில் விண்டோசை நீக்கிவிட்டு லினக்சை நிறுவியதும் இவை திடீரென ஊமையாகிவிடும். விண்டோசு 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுக்கு வந்ததால், பழைய கணினிகளை லினக்சுக்கு மாற்றுவோர் பலர் இச்சிக்கலை எதிர்கொள்கின்றனர். "இந்தப் பிரிண்டர் இனி ஆகாது" என்று ஓரங்கட்டப்படும் பொறிகளில் பெரும்பாலானவற்றில் பழுது எதுவும் இல்லை. அவற்றிடம் பேசத் தெரிந்த மென்பொருள் அந்தக் கணினியில் இல்லை என்பதே உண்மை. அந்த மென்பொருளைத் தேடிச் சேர்த்தால் அவை மீண்டும் அச்சிடும்.

பக்கம் எங்கே உருவாகிறது?

சீரொளி அச்சுப்பொறிக்கு எழுத்தும் தெரியாது, படமும் தெரியாது. எந்த இடத்தில் கரும்புள்ளி வைக்க வேண்டும், எந்த இடத்தை வெறுமையாக விட வேண்டும் என்பது மட்டுமே அதன் உருளைக்குத் தேவை. ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள் என்ற அளவில் ஓர் ஏ4 தாளைக் கணக்கிட்டால் அகலத்தில் 4,961, உயரத்தில் 7,016 புள்ளிகள் வரும். பெருக்கினால் ஏறத்தாழ 3 கோடியே 48 லட்சம் புள்ளிகள். புள்ளிக்கு ஒரு பிட் என்று வைத்தாலும் ஒரு பக்கத்துக்கு 4 மெகாபைட்டுக்கு மேல் இடம் வேண்டும்.

விலை கூடிய அச்சுப்பொறிகளில் இந்தப் புள்ளிப் படத்தைத் தயாரிக்கும் செயலியும் நினைவகமும் பொறிக்குள்ளேயே இருக்கும். கணினி "இந்த இடத்தில் இந்த எழுத்தை இந்த அளவில் இடு" என்று ஒரு பக்க விவரிப்பு மொழியில் சொன்னால் போதும். 1984-இல் வெளிவந்த அடோபியின் போஸ்ட்ஸ்கிரிப்ட் இத்தகைய மொழிகளில் ஒன்று. எச்பியின் பிசிஎல் மற்றொன்று. இவற்றின் இலக்கணம் அச்சிட்ட கையேடுகளாக வெளியிடப்பட்டதால் எந்த இயங்குதளத்திலிருந்தும் அவற்றுக்கு ஆணையிட முடிகிறது.

லேசர்ஜெட் 1020, எல்பிபி 2900 ஆகிய இரண்டிலும் உள்ள நினைவகம் 2 மெகாபைட் மட்டுமே. முழுப் பக்கத்தின் புள்ளிப் படம் அதில் அடங்காது. எனவே கணினியே பக்கத்தை வரைந்து, சுருக்கி, சிறு சிறு பட்டைகளாக அனுப்புகிறது. தாள் உருளைக்குள் நுழைந்த பிறகு நடுவில் நிறுத்த முடியாது என்பதால் பட்டைகள் உரிய நேரத்தில் வந்து சேர வேண்டும். விலை குறைந்ததற்கு இச்சிக்கனம் ஒரு முக்கியக் காரணம். இதைக் குறை சொல்வதற்கில்லை. கணினியின் செயலி எப்படியும் சும்மாதான் இருக்கிறது. குறை வேறிடத்தில் உள்ளது. அந்தப் பட்டைகளை எந்த முறையில் சுருக்க வேண்டும், எந்த வரிசையில் அனுப்ப வேண்டும் என்பதை உற்பத்தியாளர் வெளியிடவில்லை.

இவ்விரு பொறிகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பவருக்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது. எச்பி பொறியில் இடும் 12ஏ டோனர் பெட்டியும் கேனான் பொறியில் இடும் 303 பெட்டியும் ஏறத்தாழ ஒன்றே. மை நிரப்பிக் கொடுக்கும் கடைகளில் இரண்டுக்கும் பொருந்தும் என்றே ஒரே பெட்டியை விற்பார்கள். எச்பி லேசர்ஜெட்களின் அச்சிடும் உட்பகுதியைப் பெரும்பாலும் செய்து தந்தது கேனானே என்பதுதான் இதற்குக் காரணம். உடல் அவ்வளவு ஒத்திருந்தும் கணினியோடு பேசும் மொழி முற்றிலும் வேறு. ஒன்றுக்கான இயக்கி மற்றொன்றுக்குப் பயன்படாது.

லேசர்ஜெட் 1020

இப்பொறியின் மொழிக்கு இசட்ஜேஸ்ட்ரீம் என்று பெயர். பட்டைகள் ஜேபிக் என்ற பொதுத்தர முறையில் சுருக்கப்படுகின்றன. இதோடு இன்னொரு சிறப்பும் உண்டு. பொறியை இயக்கும் நிலைபொருள் அதனுள் நிலையாக எழுதப்பட்டிருக்கவில்லை. மின்சாரத்தை நிறுத்தினால் அது அழிந்துவிடும். மீண்டும் இயக்கும்போது கணினியிலிருந்து ஒவ்வொரு முறையும் அதை ஏற்ற வேண்டும். விண்டோசில் இது கண்ணுக்குத் தெரியாமல் நடந்துவிடுவதால் பயனர்கள் அறிவதில்லை. லினக்சில் அச்சு வரிசை சரியாக அமைக்கப்பட்டிருந்தும், பணி முடிந்ததாகத் திரை காட்டியும், தாள் மட்டும் வெளிவராவிட்டால் நிலைபொருள் ஏறவில்லை என்றே முதலில் ஐயுற வேண்டும். அச்சுப்பொறி தன்னைப் பற்றிக் கணினிக்குத் தரும் அடையாள வரியில், நிலைபொருள் ஏறிய பின்னர்தான் அதன் பதிப்பு எண் தோன்றும். மென்பொருள்களும் இந்த வரியைப் பார்த்தே ஏற்ற வேண்டுமா இல்லையா என முடிவு செய்கின்றன.

இதை இயக்க இரு வழிகள் உள்ளன. முதலாவது, எச்பி நிறுவனமே உருவாக்கித் தரும் எச்பிலிப் என்னும் தொகுப்பு. இதன் பெரும்பகுதி கட்டற்ற மென்பொருள். ஆனால் 1020 போன்றவற்றுக்கு ஒரு மூடிய இணைப்புக் கோப்பையும் தனியே இறக்கிக்கொள்ள வேண்டும். தொகுப்பின் பதிப்பும் இணைப்பின் பதிப்பும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது விதி. இயங்குதளத்தை மேம்படுத்தியதும் நேற்றுவரை ஓடிய அச்சுப்பொறி நின்றுபோகிறதென்றால் பெரும்பாலும் காரணம் இதுவே. எச்பி இணைப்பை நிறுவும் கட்டளையை மறுபடி ஒருமுறை இயக்கினால் சரியாகிவிடும். இணைய வசதி இல்லாத பள்ளிகளில் மேம்படுத்துவதற்கு முன்பே இக்கோப்பை எடுத்து வைத்துக்கொள்வது அறிவுடைமை.

இரண்டாவது, ரிக் ரிச்சர்ட்சன் எழுதிய ஃபூ2இசட்ஜேஎஸ் என்னும் இயக்கி. இது கட்டற்றது. டெபியன், உபுண்டு ஆகியவற்றின் களஞ்சியங்களில் கிடைக்கிறது. ஆயினும் நிலைபொருள் எச்பியின் உடைமை ஆதலால் அதை இயக்கியோடு சேர்த்து வழங்க உரிமம் இல்லை. அதனைத் தனியே இறக்கி உரிய கோப்புறையில் வைக்க வேண்டும். பின்னர் பொறியைச் செருகும்போது லினக்சின் கருவி மேலாண்மைப் பகுதி தானாகவே அதை ஏற்றிவிடும். இரு தொகுப்புகளையும் ஒரே கணினியில் நிறுவினால் யார் நிலைபொருளை ஏற்றுவது என்ற குழப்பம் நேரலாம். ஒன்றை மட்டும் வைத்திருப்பதே நல்லது.

எல்பிபி 2900

கேனான் பொறியின் மொழி கேப்ட் எனப்படுகிறது. இது லேசர்ஜெட்டைக் காட்டிலும் பிடிவாதமானது. கேனான் லினக்சுக்கென ஓர் இயக்கியை வெளியிட்டது உண்மைதான். ஆனால் அதன் முக்கியப் பகுதிகள் மூலநிரல் இல்லாத 32 பிட் கோப்புகளாக இருந்தன. 64 பிட் லினக்சில் அவற்றை ஓட்ட 32 பிட் நிரலகங்களையும் சேர்த்து நிறுவ வேண்டும். இதை மறப்பவர்களுக்கு எந்தப் பிழைச்செய்தியும் தெளிவாக வராது. அச்சுப் பணி வரிசையில் நின்றுகொண்டே இருக்கும்.

மேலும் இவ்வியக்கி, லினக்சின் பொது அச்சு அமைப்பான கப்சை மட்டும் நம்பாமல் சிசிபிடி என்னும் தன் சொந்தப் பின்னணி நிரலையும் வைத்துக்கொள்கிறது. கப்ஸ் பணியை அதனிடம் தர, அது யுஎஸ்பி வழியே பொறிக்கு அனுப்புகிறது. ஆகவே பொறியை இரண்டு இடங்களில் பதிய வேண்டும். ஒன்று கப்சில், மற்றொன்று சிசிபிடியில். கப்சில் மட்டும் சேர்த்துவிட்டு வேலை செய்யவில்லை என்று கைவிட்டவர்கள் பலர். அச்சுப்பொறியை யுஎஸ்பியில் நேரடியாகச் சேர்க்குமாறு கணினி தானே முன்மொழியும்போது அதை ஏற்றுக்கொள்வது இன்னொரு பொதுவான தவறு. அப்போது கப்ஸ் யுஎஸ்பி வழியைத் தன்வசம் எடுத்துக்கொள்ள, சிசிபிடிக்குப் பொறியே தென்படாமல் போகும்.

மூடிய கோப்புகளுக்கு வேறொரு எல்லையும் உண்டு. அவை இன்டெல் வகைச் செயலிகளுக்காகத் தொகுக்கப்பட்டவை. ராஸ்பெரி பை போன்ற ஆர்ம் செயலிக் கணினிகளில் அவை ஓடா. மூலநிரல் இருந்தால் மறுபடி தொகுத்துக்கொள்ளலாம். இல்லாதபோது கையைப் பிசைவதைத் தவிர வழியில்லை. இந்த இடைவெளியை நிரப்பவே கேப்ட்டிரைவர் என்ற கட்டற்ற இயக்கியைத் தன்னார்வலர்கள் எழுதினர். எல்பிபி 2900 அது ஆதரிக்கும் பொறிகளில் ஒன்று. சிசிபிடி தேவையில்லை, 32 பிட் நிரலகங்களும் தேவையில்லை, ஆர்ம் கணினியிலும் தொகுக்கலாம்.

மொழியைக் கண்டறிந்த விதம்

உற்பத்தியாளர் சொல்லாததைத் தன்னார்வலர்கள் எப்படி அறிகின்றனர்? தெரியாத மொழி பேசும் ஊருக்குச் சென்றவர் கேட்டுக் கேட்டுக் கற்பது போன்றதுதான். விண்டோசு கணினிக்கும் அச்சுப்பொறிக்கும் இடையே யுஎஸ்பி வடத்தில் ஓடும் தரவைப் பதிவு செய்கின்றனர். முதலில் வெற்றுத்தாள் ஒன்றை அச்சிட்டுப் பதிவு எடுப்பர். பிறகு ஒரே ஒரு புள்ளி உள்ள தாள். பிறகு அப்புள்ளியைச் சற்று நகர்த்தி மற்றொன்று. பதிவுகளை ஒப்பிடும்போது எந்த பைட் தாளின் அளவைச் சொல்கிறது, எது படத்தின் தொடக்கம், எது "தாளை வெளியே தள்ளு" என்னும் ஆணை என்பன ஒவ்வொன்றாகப் புலப்படும். சுருக்கும் முறையைக் கண்டுபிடிப்பதே இதில் கடினமான கட்டம். 1020-இல் பொதுத்தர ஜேபிக் இருந்தது வசதியாயிற்று. கேப்ட்டில் கேனானின் சொந்த முறை உள்ளது.

கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் தொடக்கமே ஓர் அச்சுப்பொறிதான் என்பது இங்கு நினைவுகூரத் தக்கது. 1980 வாக்கில் அமெரிக்காவின் எம்ஐடி செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்துக்கு செராக்ஸ் நிறுவனத்தின் சீரொளி அச்சுப்பொறி ஒன்று வந்தது. முந்தைய பொறியில் தாள் சிக்கினால் பயனர்களுக்குச் செய்தி அனுப்பும்படி ரிச்சர்ட் ஸ்டால்மன் நிரலைத் திருத்தி வைத்திருந்தார். புதிய பொறியின் மூலநிரல் ஆய்வகத்துக்குத் தரப்படவில்லை. அதை வைத்திருந்த கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவரைக் கேட்டபோது, வெளியிடுவதில்லை என்று தாம் ஒப்புக்கொண்டிருப்பதாகக் கூறி அவர் மறுத்துவிட்டார். 1983 செப்டம்பரில் ஸ்டால்மன் குனூ திட்டத்தை அறிவித்ததற்குப் பின்புலமாக அமைந்த நிகழ்வுகளுள் இதுவும் ஒன்று.

சிக்கலின்றி ஓடும் பொறிகள்

எல்லா மலிவான அச்சுப்பொறிகளும் இப்படி அல்ல. வங்கிகளிலும் கூட்டுறவுச் சங்கங்களிலும் இரைச்சலோடு ஓடும் டிவிஎஸ் நிறுவனத்தின் எம்எஸ்பி வகைப் புள்ளி அச்சுப்பொறிகள் எப்சனின் ஆணை மொழியையே பின்பற்றுகின்றன. எப்சன் அம்மொழியின் கையேட்டை வெளியிட்டிருந்ததால், அப்பொறிகளை லினக்சில் எப்சன் பொறி என்றே அறிமுகப்படுத்தி இயக்கலாம். தமிழைப் பொறுத்தவரை ஒரு வேறுபாடு உண்டு. புள்ளி அச்சுப்பொறிகள் தம்முள் பொதிந்த ஆங்கில எழுத்துகளைக் கொண்டு விரைவாக அச்சிடும். தமிழைப் படமாகத்தான் அனுப்ப வேண்டும், அதனால் வேகம் குறையும். கணினிசார் அச்சுப்பொறிக்கு எம்மொழியும் புள்ளிகளே ஆதலால் திரையில் தமிழ் எப்படித் தெரிகிறதோ அப்படியே தாளிலும் வரும்.

வாங்குமுன்னும் நிறுவுமுன்னும்

பழைய பொறி கைக்கு வந்தால் முதலில் அதன் முழுப் பெயரையும் எண்ணையும் குறித்துக்கொள்ள வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் உள்ளே வேறு மொழி இருக்கக்கூடும். பிறகு யுஎஸ்பியில் செருகி, இணைந்த கருவிகளைப் பட்டியலிடும் எல்எஸ்யுஎஸ்பி கட்டளையை முனையத்தில் இட்டுப் பார்க்க வேண்டும். பட்டியலில் பெயரே வரவில்லையென்றால் இயக்கியைத் தேடுவது வீண். வடத்தையோ துளையையோ மாற்ற வேண்டும். பெயர் வந்தால், ஓப்பன்பிரிண்டிங் அமைப்பின் தரவுத்தளத்தில் அப்பொறிக்கு எந்த இயக்கி பரிந்துரைக்கப்பட்டுள்ளது எனக் காணலாம். செராக்ஸ் கடைக்காரர் சொல்லும் "டிரைவர் சிடி" இங்கு உதவாது. அதில் இருப்பது விண்டோசுக்கானது.

ஓர் அலுவலகத்தில் பல கணினிகள் இருந்தால் ஒவ்வொன்றிலும் இந்தப் பாடுபட வேண்டியதில்லை. ஒரே ஒரு லினக்சு கணினியில் பொறியை ஓடச் செய்து, கப்ஸ் அமைப்பில் பகிர்வை இயக்கினால் போதும். மற்ற கணினிகளும் திறன்பேசிகளும் அதைப் புதிய வகை வலையமைப்பு அச்சுப்பொறியாகவே காணும். அவற்றில் எந்த இயக்கியும் நிறுவ வேண்டாம்.

புதிதாக வாங்குவோர் இயக்கி தேவைப்படாத அச்சுப்பொறியைக் கேட்டு வாங்கலாம். ஐபிபி எவ்ரிவேர் அல்லது ஏர்பிரிண்ட் ஆதரவு உண்டு என்று பெட்டியிலோ விவரத்தாளிலோ குறிப்பிட்டிருந்தால் லினக்சு அதைத் தானாகக் கண்டுகொள்ளும். கப்சின் மூன்றாம் பதிப்பு இம்முறையையே அடிப்படையாகக் கொண்டது. பழைய பாணி இயக்கிகளுக்கு அதில் நேரடி இடமில்லை. அவற்றை நம்பியுள்ள பொறிகளுக்காக, இயக்கியை உள்ளடக்கிக்கொண்டு வெளியே புதிய அச்சுப்பொறி போல் நடந்துகொள்ளும் அச்சுச் செயலிகள் எழுதப்பட்டு வருகின்றன. மூலநிரல் வெளியில் உள்ள இயக்கிகளை இவ்வாறு மாற்றிப் பொருத்த முடியும்.