உங்கள் டிசைன்களுக்கு இன்டர்நெட்டில் ஒரு முகவரி

கம்ப்யூட்டர் வாங்கியாயிற்று. கோரல் டிராவும் போட்டோஷாப்பும் ஓரளவு கைவந்துவிட்டன. பக்கத்து டிடிபி சென்டரில் கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு, ஃப்ளெக்ஸ் பேனர் என்று தினமும் வேலை இருக்கிறது. இந்த நிலையில் சென்னையில் உள்ள ஒரு விளம்பர நிறுவனம், "நீங்கள் செய்த டிசைன்களின் லிங்க்கை அனுப்புங்கள்" என்று கேட்டால் எதை அனுப்புவீர்கள்?

உத்திரமேரூரில் எனக்குத் தெரிந்த ஓர் இளைஞரிடம் இந்தக் கேள்வி கேட்கப்பட்டது. ஆறு வருட அனுபவம் உள்ளவர். அவர் அனுப்பியது கூகுள் டிரைவில் நானூறுக்கும் மேற்பட்ட படங்கள் கொண்ட ஒரு ஃபோல்டர். உள்ளே "ஃபைனல்", "ஃபைனல் 2", "ஃபைனல் புதுசு" என்று ஃபைல் பெயர்கள். பதிலே வரவில்லை. அவருக்கு வேலை தெரியாது என்று அர்த்தமில்லை. நானூறு படங்களைத் திறந்து பார்த்து நல்லதைப் பொறுக்கி எடுக்க அங்கே யாருக்கும் நேரம் இல்லை, அவ்வளவுதான். அந்தப் பொறுக்கும் வேலையை நாமே செய்து, ஒரே முகவரியில் அடுக்கி வைப்பதற்குத்தான் ஆன்லைன் போர்ட்ஃபோலியோ என்று பெயர்.

எங்கே வைப்பது?

கையில் பணம் இல்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. டிசைனர்களுக்கென்றே உள்ள பிஹான்ஸ் தளம் 2005ல் தொடங்கப்பட்டது. 2012ல் அடோபி நிறுவனம் அதை வாங்கியது. இலவசமாகக் கணக்குத் தொடங்கி, ஒவ்வொரு வேலையையும் ஒரு புராஜெக்ட்டாகப் பதிவேற்றலாம். வேலைக்கு ஆள் தேடுகிறவர்கள் அங்கேயே வந்து தேடுவது கூடுதல் வசதி. உங்களுக்கென்று தனியாக ஒரு தளம் வேண்டுமென்றால் பிளாக்கர், கூகுள் சைட்ஸ் இரண்டும் இலவசம். ஹெச்டிஎம்எல் கொஞ்சம் தெரிந்தவர்கள் கிட்ஹப் பேஜஸ் பக்கம் போகலாம். என்னைக் கேட்டால், முதல் மாதம் பிஹான்ஸே போதும். தளத்தை அலங்கரிப்பதில் இறங்கினால் டிசைன்களைத் தேர்ந்தெடுக்கும் வேலை தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். இன்டர்நெட்டில் வைத்தது என்றென்றும் இருக்கும் என்று நினைக்காதீர்கள். யாஹூவின் ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபரில் மூடப்பட்டது. ஆர்குட் 2014 செப்டம்பரோடு போனது. ஒரு காலத்தில் ஃப்ளாஷில் செய்யப்பட்ட போர்ட்ஃபோலியோ என்றால் தனி மதிப்பு. ஃப்ளாஷ் பிளேயருக்கான ஆதரவை அடோபி 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு நிறுத்தியதும், அத்தனை தளங்களும் ப்ரவுசரில் வெறும் வெள்ளைப் பெட்டியாகிவிட்டன. எனவே ஒரிஜினல் ஃபைல்கள் எப்போதும் உங்கள் கம்ப்யூட்டரிலும் ஒரு வெளி ஹார்டு டிஸ்க்கிலும் இருக்க வேண்டும். தளம் காட்சிக்கு மட்டும்தான்.

எத்தனை டிசைன்கள்?

பத்து. மிஞ்சிப்போனால் பன்னிரண்டு. இருப்பதில் சிறந்ததை முதலில் வையுங்கள், அடுத்துச் சிறந்ததைக் கடைசியில் வையுங்கள். ஒரே மாதிரியான ஐந்து கல்யாணப் பத்திரிகைகள் இருந்தால் ஒன்று போதும்.

படத்தைப் போட்டுவிட்டுச் சும்மா விடக் கூடாது. கேட்டவர் யார், என்ன கேட்டார், என்ன கட்டுப்பாடு இருந்தது, நீங்கள் ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று நாலைந்து வரி எழுதுங்கள். இது ஏன் முக்கியம் என்பதற்கு நம் பாக்கெட்டிலேயே உதாரணம் இருக்கிறது. ரூபாய்க் குறியீட்டை வடிவமைத்த உதயகுமார் தமிழ்நாட்டுக்காரர். அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டடக் கலை படித்து, பிறகு மும்பை ஐஐடியில் டிசைன் படித்தவர். அவருடைய முனைவர் பட்ட ஆய்வும் தமிழ் எழுத்துருவியல் பற்றியதுதான். மத்திய அரசு 2009ல் அறிவித்த போட்டிக்கு 3,000க்கும் மேற்பட்ட வடிவங்கள் வந்தன. அதிலிருந்து ஐந்து இறுதிக்குத் தேர்வாகி, 2010 ஜூலை 15 அன்று அவருடையதை மத்திய அமைச்சரவை ஏற்றது. தேவநாகரி 'ர' எழுத்தும் ரோமன் 'ஆர்' எழுத்தும் ஒரே வடிவத்தில் எப்படி இணைகின்றன, மேலே உள்ள இரண்டு கோடுகளும் நடுவில் உள்ள வெளியும் மூவர்ணக் கொடியை எப்படி நினைவூட்டுகின்றன என்ற விளக்கத்தோடு பார்த்தால்தான் அந்த வடிவம் முழுதாகப் புரிகிறது. விளக்கம் இல்லாமல் பார்த்தால் அது இரண்டு கோடும் ஒரு வளைவும்தான். உங்கள் மளிகைக் கடை லோகோவுக்கும் இதே கணக்குத்தான்.

வாடிக்கையாளர் கொடுத்த வேலை எதுவும் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லையா? நீங்களாகவே ஒன்றைச் செய்யுங்கள். உங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்துக்கு ஒரு கால அட்டவணைப் பலகை, வைகுண்டப் பெருமாள் கோயிலைப் பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு மடிப்புத் தாள் என்று எதுவாகவும் இருக்கலாம். ஆனால் "இது நானாகச் செய்த மாதிரி, யாரும் கேட்டுச் செய்ததல்ல" என்று அதன் கீழே கட்டாயம் குறிப்பிடுங்கள். தமிழ் எழுத்து வடிவமைப்பில் ஆர்வம் உள்ளவர்கள் பிரியா ரவிச்சந்திரன் செய்த கேட்டமரான், இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் செய்த பவனம், கவிவனார் ஆகிய எழுத்துருக்களைக் கூகுள் ஃபான்ட்ஸில் பாருங்கள். எல்லாம் இலவசமாகவே கிடைக்கின்றன. யார் வேண்டுமானாலும் இறக்கிப் பயன்படுத்தும்படி ஒரு வேலையை வெளியிடுவதே ஒரு நல்ல போர்ட்ஃபோலியோதான்.

அச்சு ஃபைல் வேறு, வெப் ஃபைல் வேறு

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. 20 அடிக்கு 10 அடி ஃப்ளெக்ஸ் பேனரை 72 டிபிஐயில் செய்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அகலம் 240 அங்குலம், அதாவது 17,280 பிக்சல். உயரம் 8,640 பிக்சல். மொத்தம் ஏறக்குறைய 15 கோடி பிக்சல். சிஎம்ஒய்கேயில் ஒரு பிக்சலுக்கு 4 பைட் என்றால் கிட்டத்தட்ட 60 கோடி பைட். இதை ஜேபெக்காக மாற்றிச் சுருக்கினாலும் பார்ப்பவரின் மொபைல் திணறிவிடும். போர்ட்ஃபோலியோவுக்கு 1,600 பிக்சல் அகலம் தாராளம்.

போட்டோஷாப்பில் முதலில் ஃபைலுக்கு ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரிஜினலில் கை வைக்காதீர்கள். நகலை சிஎம்ஒய்கேயிலிருந்து ஆர்ஜிபிக்கு மாற்றி, இமேஜ் சைஸில் அகலத்தை 1,600 ஆக்குங்கள். பிறகு 'சேவ் ஃபார் வெப்' மூலம் ஜேபெக்காகச் சேமியுங்கள். அங்கே 'கன்வர்ட் டு எஸ்ஆர்ஜிபி' என்ற பெட்டியில் டிக் இருக்கட்டும். குவாலிட்டி 70க்கும் 80க்கும் நடுவில் இருந்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, ஃபைலோ சில நூறு கேபிக்குள் அடங்கிவிடும். லோகோ போன்ற தட்டையான நிறங்கள் உள்ளவற்றுக்கு மட்டும் பிஎன்ஜி நல்லது. கோரல் டிராவிலும் 'எக்ஸ்போர்ட் ஃபார் வெப்' உண்டு. சிஎம்ஒய்கே ஜேபெக்கை அப்படியே ஏற்றினால் சில இடங்களில் நிறங்கள் மாறித் தெரியும். "நான் கொடுத்த அரக்கு எப்படி ஆரஞ்சு ஆனது?" என்ற கேள்வி பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகிறது.

அடுத்தது தமிழ். டிடிபி கடைகளில் இன்னும் பழைய எழுத்துருக்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. டிசைன் படமாகிவிட்டால் பிரச்சினை இல்லை. ஆனால் தலைப்பையும் விளக்கத்தையும் யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். பழைய எழுத்துருவில் அடித்ததை அப்படியே தளத்தில் ஒட்டினால் பார்ப்பவருக்குப் புரியாத குறியீடுகளாகத் தெரியும், கூகுள் தேடலிலும் அகப்படாது. ஃபைல் பெயர்களைச் சிறிய ஆங்கில எழுத்துகளில், இடைவெளி இல்லாமல், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும்படி வையுங்கள்.

அச்சடித்த பொருள் கையில் இருந்தால் அதையும் போட்டோ எடுத்துப் போடுங்கள். காலை வெளிச்சத்தில் ஜன்னல் ஓரம் வைத்து, ஃப்ளாஷ் இல்லாமல் எடுத்தாலே போதும். கம்ப்யூட்டரில் செய்த மாக்-அப்பைவிட நிஜத் தாளின் மடிப்புக்கு மதிப்பு அதிகம்.

எது உங்களுடையது?

இனி வருவதுதான் சிக்கலானது. டிடிபி சென்டரில் சம்பளத்துக்குச் செய்த டிசைனை உங்கள் பெயரில் காட்டலாமா?

1957ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, வேலை ஒப்பந்தத்தின் கீழ் செய்த படைப்புக்கு, வேறு உடன்பாடு எதுவும் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் முதலாளிதான். ஆனால் அதே சட்டத்தின் 57ஆம் பிரிவு, "இதைச் செய்தவன் நான்" என்று சொல்லிக்கொள்ளும் உரிமையைப் படைத்தவருக்கே தருகிறது. உரிமையை விற்றுவிட்ட பிறகும் இது போகாது. எனவே முதலாளியிடம் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். "அண்ணே, இந்த நாலு டிசைனையும் என் பக்கத்தில் காட்டிக்கொள்ளட்டுமா? கடை பேரையும் போட்டுவிடுகிறேன்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பி, அவர் தரும் பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலானவர்கள் மறுக்க மாட்டார்கள், அவர்களுக்கும் அது விளம்பரம்தானே.

எங்கள் ஊர்க் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைத் தேர்தல் விதிகள் 919லும் 921லும் கல்லில் வெட்டப்பட்டன. அந்தத் தீர்மானத்தை எழுதிய மத்தியஸ்தர் கடைசியில் தம் பெயரையும் பதிந்துவிட்டுத்தான் போயிருக்கிறார்!

காஞ்சிப் பட்டுக்கு டிசைன் போடுகிறவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். அன்னம், மயில், ருத்ராட்சம் என்று வரைபடத் தாளில் கட்டம் கட்டமாக வரைந்தவை இன்று கம்ப்யூட்டருக்கு வந்துவிட்டன. சொல்லப்போனால் இது தாய்வீடு திரும்பிய கதை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சின் ஜக்கார்டு, தறியில் பயன்படுத்திய துளை அட்டைகளின் வழியில்தான், 1890 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹாலரித் துளை அட்டை இயந்திரங்களை ஓட்டினார். அங்கிருந்து அட்டைகள் கம்ப்யூட்டருக்கு வந்தன.

விஷயத்துக்கு வருவோம். துணியில் வரும் புதிய டிசைனை 2000ஆம் ஆண்டு டிசைன்கள் சட்டத்தின் கீழ் பதிவு செய்யலாம். முதலில் 10 ஆண்டு, பிறகு நீட்டித்தால் இன்னும் 5 ஆண்டு பாதுகாப்பு. ஆனால் விண்ணப்பிப்பதற்கு முன்பே எங்காவது வெளியாகிவிட்ட டிசைன் பதிவுக்குத் தகுதி இழக்கும். உங்கள் போர்ட்ஃபோலியோவில் ஏற்றுவதும் வெளியீடுதான்! ஆர்வத்தில் நீங்கள் போட்ட ஒரு படம் நெசவாளருடைய அல்லது சங்கத்தினுடைய பதிவைக் கெடுத்துவிடலாம். பதிவு செய்யாமலே விட்டாலும் ஆபத்து உண்டு. பதிவுக்குத் தகுதியுள்ள டிசைனைப் பதியாமல், தொழில்முறையில் 50 தடவைக்கு மேல் அதை உற்பத்தி செய்துவிட்டால் அதன் காப்புரிமையும் போய்விடும் என்கிறது காப்புரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு. எனவே புடவை டிசைன் என்றால் உரிமையாளரைக் கேட்காமல் ஏற்றவே வேண்டாம். கேட்ட பிறகும் முழு முந்தியையும் காட்டாமல், பார்டரின் ஒரு பகுதியை மட்டும் காட்டுங்கள். வேலைத் திறன் தெரிய அது போதும்.

இன்னொருவர் வீட்டு விவரங்கள்

கல்யாணப் பத்திரிகையில் இரண்டு குடும்பங்களின் பெயர், முகவரி, மொபைல் நம்பர் எல்லாம் இருக்கும். அதை அப்படியே இன்டர்நெட்டில் ஏற்றக் கூடாது. பெயர்களையும் எண்களையும் கற்பனையாக மாற்றிவிட்டு ஏற்றுங்கள். கண்ணீர் அஞ்சலி பேனர், அடையாள அட்டை ஆகியவற்றுக்கும் இதேதான். மஞ்சள் நீராட்டு விழா பேனரை மட்டும் எந்த நிலையிலும் ஏற்றாதீர்கள். அதில் இருப்பது ஒரு பள்ளிச் சிறுமியின் படம். தெருமுனையில் இரண்டு நாள் நின்ற பேனர் வேறு, உலகம் முழுக்கத் தேடக் கிடைக்கும் பக்கம் வேறு. டிசைன் எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி.

உங்கள் விவரத்திலும் கவனம் தேவை. போர்ட்ஃபோலியோவுக்கென்று தனியாக ஒரு இ-மெயில் முகவரி தொடங்கி அதை மட்டும் கொடுங்கள். வீட்டு முகவரி தேவையில்லை, ஊர்ப் பெயர் போதும். "உத்திரமேரூர், காஞ்சிபுரம் மாவட்டம்" என்று தயங்காமல் போடுங்கள். வேலையை நெட்டில் அனுப்பும்போது ஊர் எங்கே இருந்தால் என்ன?

எல்லாம் முடிந்ததும் உங்கள் கம்ப்யூட்டரில் பார்த்துத் திருப்தி அடைந்துவிடாதீர்கள். லிங்க்கை வாட்ஸ்அப்பில் ஒரு நண்பருக்கு அனுப்பி, வைஃபையை அணைத்துவிட்டு அவருடைய மொபைலில் திறக்கச் சொல்லுங்கள். முதல் படம் வருவதற்குள் அவர் நிமிர்ந்து உங்களைப் பார்த்தால் ஃபைல் இன்னும் பெரிதாக இருக்கிறது என்று அர்த்தம். வாட்ஸ்அப்பில் படமாகவே அனுப்ப நேர்ந்தால் 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள், இல்லையென்றால் அது சுருக்கித் தரத்தைக் குறைத்துவிடும்.

வேலை வரத் தொடங்கிய பிறகு சொந்த டொமைன் வாங்கலாம். டாட் இன் முகவரி ஆண்டுக்குச் சில நூறு ரூபாய் முதல் கிடைக்கிறது. முதல் ஆண்டுச் சலுகை விலையை மட்டும் பார்க்காமல், இரண்டாம் ஆண்டுப் புதுப்பிப்புக் கட்டணம் எவ்வளவு என்று பார்த்து வாங்குங்கள். கடைக்காரர் பெயரில் இல்லாமல் உங்கள் பெயரிலேயே, உங்கள் இ-மெயிலிலேயே பதிவு செய்யுங்கள். புதுப்பிக்கும் தேதியை மொபைல் காலண்டரில் ஒரு மாதம் முன்னதாகவே குறித்து வையுங்கள். விட்டுவிட்டால், அந்தப் பெயரை வேறு யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம்.