ஜேபெக்கில் எழுத்து ஏன் மங்குகிறது?

மதிப்பெண் பட்டியலையோ கல்யாணப் பத்திரிகையையோ ஜேபெக் படமாக அழுத்திச் சேமித்தால், எழுத்தோரங்களில் அழுக்குப்போலப் புள்ளிகள் படிகின்றன. ஏன்? 1992-இல் தரப்படுத்தப்பட்ட ஜேபெக், படத்தை 8×8 புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் அலைகளின் கூட்டாக மாற்றி, கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுண்ணலைகளைக் கழித்துவிடுகிறது. முகம், வானம், வயல் என நிறம் மெல்ல மாறும் காட்சிகளுக்கு இது அருமையான உத்தி. கோப்பு பல மடங்கு சுருங்கும். ஆனால் கறுப்பு எழுத்தின் கூரிய விளிம்புக்கு அந்த நுண்ணலைகள்தான் உயிர். அவை போனால் விளிம்பும் குலையும்.

1996-இல் வந்த பிஎன்ஜி என்ற மற்றொரு பட வடிவமோ எதையும் வீசுவதில்லை. பக்கத்துப் புள்ளியோடு உள்ள வேறுபாட்டைக் குறித்து, திரும்பத் திரும்ப வருவதைச் சுருக்கி எழுதுகிறது. எழுத்து, வரைபடம், ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றுக்கும் இதுவே ஏற்றது. ஜேபெக்கில் இழந்ததை பிஎன்ஜியாக மாற்றி மீட்க முடியாது, மூலப்படத்தைப் பத்திரப்படுத்துங்கள்.