இசக்வீனா கவுண்டி, மிசிசிப்பி

இசக்வீனா கவுண்டி அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மிசிசிப்பி மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றின் கிழக்குக் கரையை ஒட்டி அமைந்துள்ளது. கவுண்டி என்பது மாநிலத்துக்குக் கீழ் உள்ள நிர்வாகப் பிரிவு. நம் மாவட்டத்தைப் போன்றது எனக் கொள்ளலாம். இதன் தலைநகர் மேயர்ஸ்வில். இக்கவுண்டியில் நகராட்சி பெற்ற ஒரே ஊரும் அதுதான். 2020 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இங்கு வசிப்போர் 1,338 பேர். மிசிசிப்பி மாநிலத்தின் கவுண்டிகளுள் மிகக் குறைந்த மக்கள் தொகை இதுவே. பரப்போ ஏறத்தாழ 1,140 சதுர கிலோமீட்டர்.

இவ்வளவு வளமான மண்ணில் இவ்வளவு சிலர் மட்டும் வாழ்வது எப்படி என்ற கேள்விக்கான விடைதான் இக்கவுண்டியின் வரலாறு.

பெயரும் தோற்றமும்

1844 இல் வாஷிங்டன் கவுண்டியிலிருந்து பிரித்து இக்கவுண்டி உருவாக்கப்பட்டது. பெயர் சாக்டா பழங்குடியினரின் மொழியிலிருந்து வந்தது. 'மான் ஆறு' என்று பொருள். இப்பகுதியில் ஓடும் டியர் கிரீக் என்னும் ஓடையின் பெயரும் அதே பொருள் கொண்டதே.

நிலமும் நீரும்

இப்பகுதியை அமெரிக்கர்கள் 'மிசிசிப்பி டெல்டா' என்று அழைக்கின்றனர். மாணவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இது ஆறு கடலில் கலக்கும் இடத்திலுள்ள கழிமுகம் அன்று. அது பல நூறு கிலோமீட்டர் தெற்கே, லூசியானாவில் உள்ளது. இந்த டெல்டா மிசிசிப்பி ஆற்றுக்கும் யாசூ ஆற்றுக்கும் இடையே கிடக்கும் வெள்ளச் சமவெளி. அதன் தென்முனைப் பள்ளத்தில் இசக்வீனா உள்ளது.

ஆற்றோரம் சற்று மேடான நிலம். வெள்ளம் கரைபுரளும்போது பருமணல் முதலில் படிவதால் அந்த மேடு உண்டாகிறது. ஆற்றை விட்டு விலகினால் நிலம் தாழ்ந்து, நுண்ணிய களிமண்ணாக மாறும். அண்டைக் கவுண்டியின் பெயரால் 'சார்க்கி களிமண்' எனப்படும் இம்மண், நம் கரிசல் மண்ணைப் போலவே காய்ந்தால் வெடிப்பு விடும். நனைந்தால் உப்பி இறுகி நீரைக் கீழே விடாது. பருத்திக்கு ஏற்றது. மழை மிகுந்தால் டிராக்டரும் இறங்க முடியாது. ஆறு தன் வளைவுகளைத் துண்டித்து விட்டுச் சென்ற குதிரைக் குளம்பு ஏரிகளும், இலையுதிர் மரங்கள் நிறைந்த சதுப்புக் காடுகளும் இங்கு உண்டு. இன்று சோயா மொச்சை, மக்காச்சோளம், பருத்தி ஆகியவை முக்கியப் பயிர்கள்.

பருத்தித் தோட்டங்களும் மக்களும்

காட்டை அழித்து, சதுப்பை வடித்து இந்த நிலத்தைக் கழனியாக்கியவர்கள் ஆப்பிரிக்க வம்சாவளி அடிமைகள். 1860 கணக்கெடுப்பில் இங்கிருந்த 7,831 பேரில் 7,244 பேர் அடிமைகள். அதாவது 92 விழுக்காட்டுக்கும் மேல். அன்றைய அமெரிக்காவில் வேறெந்தக் கவுண்டியிலும் இந்த அளவு விகிதம் இருந்ததில்லை. ஸ்டீபன் டங்கன் என்ற ஒருவர் பெயரில் மட்டும் இங்கே 858 அடிமைகள் பதிவாகியிருந்தனர். அவர் வாழ்ந்தது தெற்கே உள்ள நாச்செஸ் நகரில்.

உள்நாட்டுப் போருக்குப் பின் விடுதலை கிடைத்தது, நிலம் கிடைக்கவில்லை. பெரும்பாலோர் முன்னாள் எசமானர்களின் வயல்களில் வாரத்துக்குப் பயிரிட்டனர். விதை, ஏர், உணவு எல்லாம் கடனாக வந்து, அறுவடையில் கழிக்கப்பட்டன. 1890 இல் மக்கள் தொகை 12,318 ஆக உயர்ந்தது. அதுவே உச்சம். அதே ஆண்டில் மாநிலம் இயற்றிய புதிய அரசியலமைப்பு, வாக்காளர் வரி, அரசியலமைப்பை வாசித்துப் பொருள் சொல்லும் தேர்வு ஆகிய தடைகளைக் கொண்டு கறுப்பின மக்களின் வாக்குரிமையைப் பறித்தது.

1920 இல் 7,618 ஆகவும், 1960 இல் 3,576 ஆகவும் மக்கள் தொகை குறைந்தது. வடக்கே சிகாகோ போன்ற தொழில் நகரங்களுக்குப் பலர் குடிபெயர்ந்தனர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பருத்தி எடுக்கும் இயந்திரங்களும் களைக்கொல்லிகளும் வந்தபோது, எஞ்சியோருக்கும் வயலில் வேலை இல்லாமல் போயிற்று. புளூஸ் இசைக்கலைஞர் மடி வாட்டர்ஸ் 1940களில் சிகாகோ சென்றவர்களுள் ஒருவர். அவர் தன் ஊர் ரோலிங் ஃபோர்க் என்று சொல்லி வந்தார். பிறந்தது அதை அடுத்த இசக்வீனாவில்தான் என ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

யூனிட்டா பிளாக்வெல்

போகாமல் இருந்தவர்களுள் குறிப்பிடத்தக்கவர் யூனிட்டா பிளாக்வெல் (1933–2019). எட்டாம் வகுப்புடன் படிப்பை நிறுத்தி, பருத்தி எடுத்துப் பிழைத்தவர். 1964 கோடையில் மேயர்ஸ்வில் நீதிமன்றக் கட்டடத்துக்கு வாக்காளராகப் பதியச் சென்றார். மூன்றாம் முயற்சியில்தான் தேறினார். அதன் விளைவாக வயல் வேலை பறிபோனது. அவர் குடிமை உரிமை இயக்கத்தின் முழுநேர ஊழியரானார்.

1965 தொடக்கத்தில் கறுப்பின மாணவர்கள் பலர், கறுப்புக் கையும் வெள்ளைக் கையும் பற்றியிருக்கும் சின்னத்தை அணிந்து பள்ளிக்கு வந்தனர். சுமார் 300 பேர் இடைநீக்கம் செய்யப்பட்டனர். பிளாக்வெல் குடும்பம் உள்ளிட்டோர் வழக்குத் தொடுத்தனர். சின்னம் அணிந்ததால் வகுப்புகள் குலைந்தன என்று கூறி, 1966 இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பள்ளியின் தடையை ஏற்றது. ஆயினும் பள்ளிகளில் இனப்பிரிவினையை நீக்கும் திட்டத்துக்கு இதே வழக்கு வழி திறந்தது. மாணவர்களின் கருத்துரிமை குறித்த புகழ்பெற்ற 1969 ஆம் ஆண்டு டிங்கர் தீர்ப்பிலும் இவ்வழக்கு மேற்கோள் காட்டப்பட்டுள்ளது. தோற்ற வழக்கும் சில நேரம் வென்ற வழக்கின் பயனைத் தரும் என்பதற்கு இது சான்று.

1976 இல் மேயர்ஸ்வில் நகராட்சித் தகுதி பெற்றது. பிளாக்வெல் அதன் மேயரானார். மிசிசிப்பியில் மேயரான முதல் கறுப்பினப் பெண் அவரே. 2001 வரை பதவி வகித்த அவர் காலத்தில்தான் குழாய்க் குடிநீர், கழிவுநீர் வசதி, தார்ச்சாலை ஆகியவை ஊருக்கு வந்தன. இடையில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் வட்டாரத் திட்டமிடலில் முதுகலைப் பட்டம் பெற்றார். 1992 இல் மெக்ஆர்தர் நல்கையும் கிடைத்தது.

இன்று இக்கவுண்டியின் குழந்தைகள் படிக்கும் அரசுப் பள்ளிகள் அண்டை சார்க்கி கவுண்டியில் உள்ளன. இரண்டுக்கும் சேர்த்து ஒரே பள்ளி நிர்வாகம். அக்கவுண்டியின் ரோலிங் ஃபோர்க் நகரை 2023 மார்ச் 24 இரவு சூறாவளி தாக்கியபோது இசக்வீனா மக்களுக்கும் அது சொந்த ஊர் இழப்பாகவே இருந்தது.

உள்ளே தேங்கும் வெள்ளம்

மிசிசிப்பி ஆற்றின் வெள்ளத்தை இன்று உயரமான கரைகள் தடுக்கின்றன. ஆனால் கரைக்கு உள்ளே பெய்யும் மழை வெளியேற வேண்டுமே! அதற்கு ஸ்டீல் பாயூ என்னும் ஓடையின் கடைமடையில் மதகுகள் உள்ளன. 1969 இல் கட்டி முடிக்கப்பட்டவை. வெளியே ஆற்றில் நீர்மட்டம் உயர்ந்தால், நீர் பின்னோக்கி ஏறாமலிருக்க மதகுகளை மூடுவார்கள். மூடியபின் வடக்கே டெல்டா முழுதும் பெய்யும் மழை இந்தத் தாழ்ந்த தென்முனைக்கு வந்து தேங்கும். வெளியே இறைக்க எந்திரம் கிடையாது.

2019 இல் இதுவே நேர்ந்தது. ஆறு மாதக்கணக்கில் வடியவில்லை. மே மாதம் நீர் உச்சத்தை எட்டியபோது இசக்வீனாவும் அண்டைக் கவுண்டிகளும் சேர்ந்து சுமார் 5,48,000 ஏக்கர் மூழ்கியிருந்தது. அதில் விளைநிலம் மட்டும் சுமார் 2,31,000 ஏக்கர். விதைக்கும் பருவம் முழுதும் நீரில் கழிந்தது. மண்மூட்டை அடுக்கிய வீடுகளுக்குப் படகில் போய் வந்தவர்கள் உண்டு.

நீரிறைக்கும் நிலையம் ஒன்று வேண்டும் என்பது 1941 ஆம் ஆண்டு வெள்ளத்தடுப்புச் சட்டத்திலிருந்தே வரும் திட்டம். பரந்த சதுப்பு நிலங்கள் வறண்டுவிடும் என்று கூறி, 2008 இல் கூட்டாட்சிச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அதற்குத் தடை விதித்தது. வலசைப் பறவைகளும் மீன்களும் அச்சதுப்புகளை நம்பியே உள்ளன என்பது சூழலியலாளர் வாதம். நீரில் நிற்கும் வீட்டுக்காரருக்கு அது எளிதில் ஏற்கும் வாதம் அன்று. 2019 வெள்ளத்துக்குப் பிறகு திட்டம் மாற்றப்பட்ட வடிவில் மீண்டும் ஆய்வுக்கு எடுக்கப்பட்டது.