ஊர்ந்து போனால் கொதிக்கும்

வண்டியும் வழியும் – 14

சித்ரா பௌர்ணமி அன்று மாலை திருவண்ணாமலைக்குள் நுழையும் எந்தச் சாலையில் நின்றாலும் இதைப் பார்க்கலாம். ஓரங்கட்டிய வேன் ஒன்று, அதன் முன்பக்கம் ஆவி. மரத்தடியில் குழந்தை குட்டிகளோடு உட்கார்ந்திருக்கும் குடும்பம். காலி பாட்டிலை எடுத்துக்கொண்டு தண்ணீர் தேடி அலையும் டிரைவர். ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை, செங்கம் வழியாகச் சுமார் 150 கிலோமீட்டர் எந்தக் குறையுமில்லாமல் ஓடிவந்த வண்டி, கடைசி மூன்று கிலோமீட்டரில் படுத்துவிடுகிறது. "வர்ற வரைக்கும் நல்லாத்தாங்க வந்துச்சு" என்பார் டிரைவர். அவர் சொல்வது உண்மைதான். வண்டிக்குள் ஒரு வருஷமாக இருந்த கோளாறு ஊரும்போதுதான் வெளியே வந்திருக்கிறது.

சென்ற வாரம் டயரைப் பார்த்தோம். இந்த வாரம் பத்து வருஷம் தாண்டிய பெரிய வேன்களுக்கு வரும் மற்ற கோளாறுகளையும் அவற்றுக்கு ஆகும் செலவையும் பார்க்கலாம். எல்லாவற்றையும் விட நான் அதிகம் சொல்லப்போவது சூட்டைப் பற்றித்தான். பௌர்ணமிக்குப் பௌர்ணமி நெரிசலில் ஊர்ந்தாக வேண்டிய இந்த ஊரில் வேன்களை வீழ்த்துவது முதலில் அதுதான்.

நம் பக்கம் டூரிஸ்ட் வேன் என்றால் பெரும்பாலும் டெம்போ டிராவலர். ஜெர்மனியில் மெர்சிடிஸ் பென்ஸ் 1977இல் கொண்டுவந்த டி1 என்ற வேனை அடிப்படையாக வைத்து, புனேயின் பஜாஜ் டெம்போ நிறுவனம் 1987இல் இங்கே இறக்கிய வண்டி இது. 2005இல் அந்த நிறுவனம் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று பெயர் மாறியது. மோட்டார் வாகனச் சட்டத்தில் மேக்சி கேப் என்றால் டிரைவரைத் தவிர்த்து அதிகபட்சம் 12 பேர். அதனால்தான் '12+1' என்ற பேச்சே வந்தது. பழைய டிராவலர்களில் இருந்தது ஓ.எம். 616 என்ற பென்ஸ் வழி டீசல் இன்ஜின். 1973இல் வந்த பென்ஸ் 240டி காரில் ஓடியதும் இதே இன்ஜின்தான். உலகத்தில் எத்தனையோ ஊர்களில் டாக்சியாக லட்சக்கணக்கான கிலோமீட்டர் உழைத்துப் பெயர் வாங்கியது. ஆகவே இன்ஜினைக் குறை சொல்வதற்கு முன்னால் நாம் அதைச் சுற்றி என்ன செய்து வைத்திருக்கிறோம் என்று பார்க்க வேண்டும்.

அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர வைத்துவிடும். பாதி அடைத்துப்போன ரேடியேட்டர்கூட அந்த வேகத்தில் தாக்குப்பிடிக்கும். ஊரும்போது எதிர்க்காற்று கிடையாது. ஃபேன் ஒன்றுதான் கதி. பெல்ட் தளர்ந்திருந்தால் ஃபேன் சுற்றுவது குறைகிறது. அதே பெல்ட்டில் வாட்டர் பம்பும் சுற்றுவதாக இருந்தால் தண்ணீர் ஓட்டமும் குறைகிறது. கூடவே ஏ.சி. ஓடுகிறது. வெளியே சித்திரை வெயில் 40 டிகிரியைத் தொட்டிருக்கும். சிறிய குறைகள் ஒவ்வொன்றும் தனியாக வந்திருந்தால் வண்டி சமாளித்திருக்கும். இங்கே எல்லாம் ஒரே நேரத்தில் கூடிவிடுகின்றன.

ரேடியேட்டர் ஏன் அடைக்கிறது? நாம் ஊற்றும் தண்ணீரால்தான். இந்த மாவட்டத்தில் பல இடங்களில் போர் தண்ணீர் உப்பு. அடிபம்பில் பிடித்ததை வருஷக்கணக்கில் ஊற்றிக்கொண்டே இருந்தால், வீட்டில் வெந்நீர் அண்டாவின் அடியில் படிகிற அதே வெள்ளைப் படிவு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள் படிந்து வழியை அடைத்துவிடும். கூலன்ட்டை சுத்திகரித்த தண்ணீரில் கலந்து ஊற்றினால் இந்தப் படிவும் வராது, துருவும் பிடிக்காது.

அடுத்தது மூடி. ரேடியேட்டர் மூடி உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. அந்த அழுத்தத்தால்தான் உள்ளே இருக்கும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும், சுமார் 120 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கிறது. மூடியின் ரப்பர் வாஷர் காய்ந்து, ஸ்பிரிங் தளர்ந்துவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விட்டது என்று அர்த்தம். சில நூறு ரூபாய் சாமான். பத்து வருஷமாக அதை மாற்றாத வண்டிகள் ஏராளம்.

பட்டறைகளில் ஒரு பழக்கம் உண்டு. அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. வண்டி ஹீட் ஏறுகிறது என்று வந்ததும் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். "தண்ணி தாராளமா ஓடட்டும்ணே, நம்ம ஊர் வெயிலுக்கு அது எதுக்கு" என்பது அவர்கள் வாதம். ஓ.எம். 616 போன்ற இன்ஜின்களில் இது தலைகீழாக வேலை செய்கிறது. அந்த வால்வு சூடேறித் திறக்கும்போது, ரேடியேட்டருக்குப் போகாமல் தண்ணீர் சுற்றிவரும் பைபாஸ் வழியையும் சேர்த்து மூடும். வால்வே இல்லையென்றால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். கொதிக்கிற தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் மறுபடி இன்ஜினுக்குத் திரும்பிவிடும். ஆயிரம் ரூபாய்க்குள் முடியும் ஒரு வால்வை மாற்றுவதற்குப் பதிலாக, சூட்டைக் குறைக்கிறோம் என்று நினைத்து அதைக் கூட்டிவிடுகிறார்கள். அனுபவசாலிகளும் செய்யும் பிழை இது. தயவுசெய்து உங்கள் மெக்கானிக்கிடம் கேட்டுப் பாருங்கள், வால்வு இருக்கிறதா என்று.

செலவை உத்தேசமாகச் சொல்கிறேன்; கடைக்குக் கடை, ஊருக்கு ஊர் மாறும். மூடி, பெல்ட், வால்வு, ஹோஸ் பைப் எல்லாம் சேர்த்து மாற்றினாலும் நாலாயிரம் ஐயாயிரத்தில் அடங்கும். ரேடியேட்டரைக் கழற்றிப் பிரித்துச் சுத்தம் செய்ய மேலும் இரண்டு மூன்றாயிரம். இதைச் செய்யாமல் ஒருமுறை நன்றாகக் கொதிக்கவிட்டால் ஹெட் கேஸ்கட் போகும். ஹெட் வளைந்திருந்தால் லேத்தில் கொடுத்து மட்டம் எடுக்க வேண்டும். அது பதினைந்து இருபதாயிரம். அதையும் கவனிக்காமல், ஆயிலில் தண்ணீர் கலந்து வெளுத்துப்போன பிறகும் ஓட்டினால் பேரிங், பிஸ்டன், போரிங் என்று ஃபுல் இன்ஜின் வேலை. லட்ச ரூபாயைத் தாண்டாமல் வண்டி பட்டறையை விட்டு வெளியே வராது. வண்டி நிற்கும் நாட்களின் வாடகை நஷ்டம் தனி.

கிளட்ச்சும் இந்த ஊரில் சீக்கிரம் தேய்கிறது. அதற்கும் ஊர்வதுதான் காரணம். நெரிசலில் பாதி கிளட்ச்சிலேயே நகர்த்தினால் பிளேட் எரியும். ஒன்றை மட்டும் சொல்கிறேன்: பிளேட்டை மாற்ற கியர் பாக்ஸை இறக்க வேண்டும். அந்தக் கூலிதான் பெரிது. பிளேட்டை மட்டும் மாற்றிவிட்டு, தேய்ந்த பிரஷர் பிளேட்டையும் ரிலீஸ் பேரிங்கையும் அப்படியே போட்டு மூடினால், ஆறு மாதத்தில் அதே கூலியை இன்னொரு முறை கொடுப்பீர்கள்.

பிரேக் வேறு விஷயம். அது பணத்தோடு முடிவதில்லை. போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு ஜவ்வாது மலை ஏறி இறங்குகிற வேன்களில் சில டிரைவர்கள் டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்குகிறார்கள். இன்ஜினை அணைத்துவிட்டு இறக்குபவர்களும் உண்டு. டீசல் வேனில் பிரேக் மிதியை இலகுவாக்கும் வேக்குவத்தை உண்டாக்குவது இன்ஜினால் ஓடும் பம்ப். இன்ஜினை அணைத்தால் இரண்டு மூன்று மிதிக்குள் பெடல் கல்லாகிவிடும். கியரில் இறங்கினால் இன்ஜினே வண்டியைப் பிடிக்கும், பிரேக் சூடாகாது. பிரேக் ஆயிலுக்கும் ஒரு குணம் உண்டு: காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு 140க்கே கொதிக்கத் தொடங்கலாம். மலை இறக்கத்தில் அது கொதித்து ஆவியானால், மிதித்த கால் தரையைத் தொடும், வண்டி நிற்காது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஆயிலை முழுக்க மாற்றச் சில நூறு ரூபாயும் ஒரு மணி நேரமும் போதும். பன்னிரண்டு உயிரை ஏற்றிக்கொண்டு மலை ஏறுபவர் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

பட்டை ஒடிவது, ஷேக்கிள் புஷ் தேய்வது, செல்ஃப் எடுக்காமல் போவது எல்லாம் பழைய வண்டியில் சகஜம். உள்ளூரிலேயே முடியும், பயப்பட வேண்டியதில்லை. புதிய காமன் ரெயில் வண்டிகளில் மட்டும் எச்சரிக்கை: டீசலில் தண்ணீர் கலந்திருந்தால் இன்ஜெக்டர் போகும். ஒரு இன்ஜெக்டரின் விலையே பழைய வண்டியில் நாலு நாசிலையும் சர்வீஸ் செய்யும் செலவைத் தாண்டிவிடும். டீசல் ஃபில்டரை நேரத்துக்கு மாற்றுங்கள்.

வாடகை வேனுக்கு எட்டு வருஷம் முடிந்தால் வருஷா வருஷம் எஃப்.சி. காட்ட வேண்டும். பதினைந்து வருஷம் தாண்டினால் அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலிலிருந்து பல மடங்காகிவிட்டது. சொந்த வண்டி ஓட்டுகிறவருக்கு இது பெரிய சுமை. இருக்கிற காசு பட்டி பார்ப்பதற்கும் பெயின்ட்டுக்கும் சீட் கவருக்கும் போய்விடுகிறது. பயணிகளின் கண் படுவதும் அங்கேதான். ரேடியேட்டர் குழாய்க்குள் படிந்திருப்பதை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. என் கருத்து இது: பெயின்ட் ஒரு வருஷம் மங்கியிருந்தால் ஒன்றும் ஆகாது, முதல் காசு குளிர்விக்கும் பாகங்களுக்கும் பிரேக்குக்கும் போக வேண்டும்.

வேன் எடுத்துத் திருவண்ணாமலைக்கு வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நெரிசலில் டிரைவர் ஏ.சி.யை அணைத்தால் சண்டை போடாதீர்கள். முள் ஏறுகிறது, அரை மணி நேரம் நிறுத்துகிறேன் என்றால் நிறுத்தவிடுங்கள். கொதிக்கும் ரேடியேட்டரின் மூடியைத் திறக்க யாரையும் அவசரப்படுத்தாதீர்கள். முகமும் கையும் வெந்துபோகும். தீபத்துக்கும் சித்ரா பௌர்ணமிக்கும் ஊருக்கு வெளியே சாலைக்குச் சாலை தற்காலிகப் பேருந்து நிலையமும் வாகன நிறுத்தமும் அமைக்கிறார்கள். நடக்க முடிந்தவர்கள் அங்கேயே இறங்கிக்கொள்ளுங்கள். கோபுர வாசல் வரைக்கும் வண்டியைக் கொண்டுபோய்த்தான் ஆக வேண்டும் என்று டிரைவரை வற்புறுத்தாதீர்கள்.